பிளவர் கேர்ள் சட்டைக்கு அளவு எடுப்பது எப்படி?

வேதக்கோயில் கலியாணங்களில் மணப்பெண்ணுக்கு முன்னால் சின்னப் பெண் பிள்ளைகள் பூக்கூடை ஏந்தி நடந்து போவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். "பிளவர் கேர்ள்" என்று சொல்கிறோமே, அந்தப் பிள்ளைகள்தான். இப்போது தோட்டங்களில் சைவக் கலியாணங்களிலும், எழுத்துப் பதியும் நாளிலும், வரவேற்பு வைபவங்களிலும்கூட இந்த வழக்கம் வந்துவிட்டது. அக்காவின் கலியாணத்துக்குத் தங்கச்சி மகள், மாமன் கலியாணத்துக்கு மருமகள் என்று எந்த வீட்டுப் பிள்ளைக்கும் இந்த அழைப்பு வரலாம்.

அழைப்பு வந்தால் சந்தோசம்தான். ஆனால் அதோடு ஒரு செலவும் வருகிறது. சாட்டின் துணி, நெட், லைனிங், ரிபன், சிப், தையல் கூலி என்று எல்லாம் சேர்ந்து எத்தனை நாள் பேர் போட்டுச் சேர்த்த காசு! அப்படித் தைத்த சட்டை கலியாணத்தன்று காலையில் போடும்போது கக்கத்தில் இறுக்கினால், அல்லது தோளிலிருந்து நழுவினால், பிள்ளை அழுகிறாள். தாய் சேப்டி பின் தேடி ஓடுகிறாள். பாவாடை நீண்டுவிட்டால் படியில் தடுக்கிப் பிள்ளை விழவும்கூடும். இதற்குக் காரணம் பெரும்பாலும் தையல் அல்ல. அளவுதான். "ஆறு வயசுப் பிள்ளைக்கு ஒரு கவுன் தைச்சுக் குடுங்க" என்று வயதைச் சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம்.

கொழுந்து நிறுக்கும்போது நாம் என்ன செய்கிறோம்? தராசு முள்ளைப் பார்க்காமல், "இவளுக்கு இத்தனை கிலோ இருக்கும்" என்று குத்துமதிப்பாக எழுத விடுவோமா? விடமாட்டோம். பிள்ளையின் சட்டைக்கும் அதே கண்டிப்பு வேண்டும். வயதை வைத்துத் துணி வெட்டக் கூடாது. பிள்ளையை நிறுத்தி அளந்து வெட்ட வேண்டும். அதற்குப் பெரிய தையல் படிப்பு ஒன்றும் தேவையில்லை. ஒரு இஞ்சி டேப், ஒரு கொப்பித் தாள், ஒரு பென்சில், அரை மணி நேரப் பொறுமை இருந்தால் போதும்.

வயது வேறு, அளவு வேறு

கடையில் தொங்கும் ரெடிமேட் சட்டைகளில் 4, 6, 8 என்று வயதைப் போட்டிருப்பார்கள். அந்த எண் நம்முடைய பிள்ளையைப் பார்த்துப் போட்டது அல்ல. நமது நாட்டின் ஆடைத் தொழிற்சாலைகள் வெளிநாடுகளுக்குத் தைத்து அனுப்புகின்றன. அதில் மிஞ்சுகிற உடுப்புகளும் டவுன் கடைகளுக்கு வருகின்றன. அவற்றில் இருக்கும் எண் வெளிநாட்டுப் பிள்ளைகளின் உயரத்துக்குப் போட்டது. ஐரோப்பிய அளவு முறையில் 6 வயது என்றால் 116 சென்றிமீற்றர் உயரமுள்ள பிள்ளைக்கு என்று கணக்கு. நமது லயத்தில் 6 வயதுப் பிள்ளை 109 சென்றிமீற்றர் இருந்தால் வித்தியாசம் 7 சென்றிமீற்றர், அதாவது ஏறத்தாழ 3 அங்குலம். அந்தச் சட்டை அவளுக்குத் தொளதொள என்றுதான் இருக்கும்.

தோட்டத்துப் பிள்ளைகளைப் பொறுத்தவரை இது முக்கியமான விசயம். 2016ஆம் ஆண்டு நாடு முழுவதும் நடந்த மக்கள்தொகை, சுகாதார ஆய்வில், 5 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதுக்கும் 100க்கு 17.3 பேர் என்று கண்டார்கள். தோட்டப் பகுதியில் அது 31.7 பேர். ஆகவே, வயதை மட்டும் சொல்லித் தைத்தால் நமது பிள்ளைகளில் பலருக்குச் சட்டை பொருந்தாது. அது பிள்ளையின் குறை அல்ல. "உனக்கு எதுவும் சரிவராது" என்று பிள்ளையைப் பார்த்துச் சொல்லாதீர்கள். சட்டைதான் பிள்ளைக்குச் சரியாக வர வேண்டும்.

எப்போது அளப்பது?

இரண்டு தடவை அளக்க வேண்டும். முதல் தடவை, துணி வாங்குவதற்கு முன். அளவு தெரிந்தால்தான் எத்தனை யார் வேண்டும் என்று கடையில் துணிந்து சொல்லலாம். இரண்டாம் தடவை, கலியாணத்துக்கு இரண்டு மூன்று கிழமைக்கு முன். அப்போது கீழ் மடிப்பை மட்டும் முடிவு செய்யலாம்.

3 வயதுக்கு மேற்பட்ட பிள்ளை ஒரு வருசத்தில் 5 முதல் 6 சென்றிமீற்றர் வரை வளரும். மூன்று மாதத்தில் அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. அதனால் மூன்று மாதத்துக்கு முன் தைத்த சட்டையில் கீழ் மடிப்பை இறுதியாகத் தைத்துவிடாமல், நூலோட்டி மட்டும் வைப்பது நல்லது.

அளக்கும் நாளாக ஞாயிற்றுக்கிழமையைத் தெரிந்துகொள்ளுங்கள். மலையிலிருந்து களைத்து வந்து, விளக்கு வெளிச்சத்தில் அளக்க வேண்டாம். பிள்ளைக்கும் தூக்கம், நமக்கும் அவசரம். பகலில், பிள்ளை சாப்பிட்ட பிறகு அளவெடுங்கள். சின்னப் பிள்ளைகளின் வயிறு சாப்பிட்டதும் கொஞ்சம் உப்பும். கலியாண வீட்டில் பிள்ளை சாப்பிட்டுவிட்டுத்தான் உட்காரப் போகிறாள்.

அளப்பதற்கு முன் கவனிக்க வேண்டியவை

முதலில் டேப்பைச் சோதியுங்கள். பழைய துணி டேப் இழுபட்டு நீண்டிருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளையின் அடிமட்டத்தோடு வைத்துப் பாருங்கள். 12 அங்குலம் இரண்டிலும் ஒன்றாக இருந்தால் அந்த டேப் சரி. டேப்பின் ஒரு பக்கம் அங்குலம், மறுபக்கம் சென்றிமீற்றர் இருக்கும். தொடங்கின பக்கத்திலேயே முடியுங்கள். பாதி அங்குலம், பாதி சென்றிமீற்றர் என்று கலந்து எழுதினால் தைப்பவருக்குத் தலை சுற்றும்.

பிள்ளை மெல்லிய உள்ளுடுப்போடு நிற்க வேண்டும். பெட்டிகோட் போட்டு, அதன்மேல்தான் சட்டை வரும் என்றால் பெட்டிகோட்டுக்கு மேல் அளக்க வேண்டும். நுவரெலியா, ஹட்டன் பக்கத்துக் குளிரில் காலைக் கலியாணம் என்றால், பலர் உள்ளே ஒரு பெனியன் போடுவார்கள். அப்படிப் போடுவதாக இருந்தால் அதையும் போட்டுவிட்டு அளவுங்கள். தடித்த கம்பளிச் சட்டையோடு மட்டும் அளக்க வேண்டாம்.

கலியாணத்துக்குப் போடப் போகும் சப்பாத்தைப் போட்டு நிறுத்துங்கள். சப்பாத்து இன்னும் வாங்கவில்லை என்றால், அதே உயரக் குதியுள்ள வேறொன்றைப் போடலாம். இஸ்தோப்பு மேடு பள்ளமாக இருந்தால், உள்ளே சமமான சிமெந்துத் தரையில் நிறுத்துங்கள்.

பிள்ளை இரண்டு காலிலும் சமமாக நின்று, கைகளைத் தொங்கவிட்டு, நேரே பார்க்க வேண்டும். "மூச்சைப் புடிச்சுக்க" என்று சொல்லாதீர்கள். அவள் மூச்சு விட்டுக்கொண்டுதான் நடக்கப் போகிறாள். ஒருவர் அளக்க, மற்றவர் எழுதுவது நல்லது. மூத்த பிள்ளை எழுதலாம். ஒவ்வோர் அளவையும் இரண்டு முறை எடுங்கள். இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் மூன்றாம் முறை எடுங்கள்.

இடுப்பைக் கண்டுபிடிப்பது எப்படி?

சின்னப் பிள்ளைகளுக்கு இடுப்பு எங்கே என்று பார்த்தால் தெரியாது. மேலிருந்து கீழ்வரை ஒரே மாதிரித்தான் இருக்கும். அதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. ஒரு மெல்லிய இலாஸ்டிக்கையோ நூலையோ பிள்ளையின் வயிற்றைச் சுற்றி இலேசாகக் கட்டுங்கள். "இந்தப் பக்கம் சாய், அந்தப் பக்கம் சாய்" என்று இரண்டு முறை சாயச் சொல்லுங்கள். நூல் தானாகப் போய் நிற்கும் இடம்தான் இடுப்பு. அளந்து முடியும்வரை அந்த நூலைக் கழற்ற வேண்டாம். கீழே சொல்லும் பல அளவுகள் அந்த நூலிலிருந்துதான் தொடங்குகின்றன.

எடுக்க வேண்டிய அளவுகள்

1. உயரம். சப்பாத்து இல்லாமல் சுவரோடு நிறுத்தி, தலைமேல் ஒரு கொப்பியை மட்டமாக வைத்து, சுவரில் கோடு போட்டு அளக்க வேண்டும்.

2. மார்புச் சுற்று. கக்கத்துக்குக் கீழாக, முன்னும் பின்னும் டேப் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். முதுகுப் பக்கம் டேப் இறங்கிவிடுவதுதான் அடிக்கடி நடப்பது. எட்டிப் பாருங்கள்.

3. இடுப்புச் சுற்று. கட்டிய நூலின் மேலேயே சுற்ற வேண்டும்.

4. முதுகு நீளம். தலையை முன்னே குனிந்தால் பிடரியில் ஒரு எலும்பு துருத்திக்கொண்டு தெரியும். அதை விரலால் தொட்டுக்கொண்டு, தலையை நிமிர்த்தச் சொல்லி, அங்கிருந்து இடுப்பு நூல் வரை அளவுங்கள்.

5. முன் நீளம். கழுத்தும் தோளும் சேரும் இடத்திலிருந்து மார்பு வழியாக இடுப்பு நூல் வரை. சில பிள்ளைகளுக்கு வயிறு கொஞ்சம் முன்னே இருக்கும். இந்த அளவு எடுக்காவிட்டால் சட்டை முன்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும்.

6. தோள் அகலம். முதுகுப் பக்கமாக, ஒரு தோள் எலும்பு முனையிலிருந்து மற்றதன் முனை வரை. தோளிலிருந்து நழுவும் சட்டைகள் எல்லாம் இந்த அளவு பிழைத்ததால் வருபவைதான்.

7. கைக்குழி. தோள் முனையிலிருந்து கக்கத்தின் கீழாகச் சுற்றி மறுபடி தோள் முனைக்கு. பிள்ளை கையைக் கீழே விட்டபடி இருக்க வேண்டும்.

8. கை நீளமும் மேற்கைச் சுற்றும். நீளக் கை வைப்பதாக இருந்தால் முழங்கையை மடித்து வைத்து அளக்க வேண்டும். பிள்ளை பூக்கூடையைக் கை மடித்துத்தானே பிடிக்கிறாள்? நேராக நீட்டி அளந்த கை, மடித்ததும் மணிக்கட்டுக்கு மேலே ஏறிவிடும்.

9. கழுத்துச் சுற்றும் தலைச் சுற்றும். தலைச் சுற்று எதற்கு என்று கேட்பீர்கள். சட்டை தலை வழியாகத்தான் இறங்க வேண்டும். பிள்ளைகளுக்கு உடம்பு சிறிது, தலை பெரிது. பின்பக்கத் திறப்பு போதாவிட்டால் சட்டை தலையில் மாட்டிக்கொள்ளும், கட்டிய கொண்டையும் பூவும் கலைந்து போகும். முதுகில் இடுப்பு வரை சிப் அல்லது பொத்தான் வைப்பது நல்லது.

10. பாவாடை நீளம். இடுப்பு நூலிலிருந்து தரை வரை, சப்பாத்தோடு. முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் மூன்றையும் அளவுங்கள்.

இறுக்கமும் தளர்வும்

எடுத்த அளவு உடம்பின் அளவு. சட்டையின் அளவு அதைவிடக் கொஞ்சம் கூட இருக்க வேண்டும். அளக்கும்போது டேப்புக்குக் கீழே இரண்டு விரல் இலேசாக நுழைய வேண்டும், ஆனால் டேப் தொங்கக் கூடாது. பிறகு மார்புக்கு 2 அங்குலம், இடுப்புக்கு 1 முதல் 1½ அங்குலம், மேற்கைக்கு 1½ அங்குலம், கைக்குழிக்கு 1 அங்குலம் தளர்வு சேர்க்கலாம்.

"வளர்ற புள்ள தானே, ரெண்டு வருசத்துக்குப் போடட்டும்" என்று எல்லாப் பக்கமும் மூன்று நான்கு அங்குலம் கூட்டி வெட்டுகிறவர்கள் உண்டு. காசு போட்டவருக்கு அந்த எண்ணம் வருவது நியாயம்தான். ஆனால் தோள் அகலத்தையும் கழுத்தையும் பெரிதாக்கினால் அந்தச் சட்டை இன்றைக்கும் பொருந்தாது, பிறகு சிறிதாக்குவதும் கஷ்டம். வளர்ச்சிக்கான துணியை வெளியே விடாமல் உள்ளே ஒளித்து வைக்க வேண்டும். கீழ் மடிப்பில் 3 அங்குலம், பக்கத் தையல்களில் ஒவ்வோர் ஓரத்திலும் 1 அங்குலம் விடுங்கள். தோளும் கழுத்தும் மட்டும் இன்றைய அளவுக்கே இருக்கட்டும்.

பாவாடை நீளம் எவ்வளவு? பூக்கூடை ஏந்தும் பிள்ளைக்குத் தன் கால் தெரியாது. இரண்டு கையும் கூடையில் இருக்கும், பாவாடையைத் தூக்கிப் பிடிக்க முடியாது. கோயில் படி ஏற வேண்டும், சில இடத்தில் லயத்திலிருந்து ரோட்டு வரை கல் படியில் இறங்க வேண்டும். ஆகவே தரையிலிருந்து குறைந்தது 2 அங்குலம் மேலே நிற்கட்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

6 வயதுப் பிள்ளை ஒருத்தியின் அளவுகள் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: உயரம் 43 அங்குலம், மார்பு 22, இடுப்பு 20½, முதுகு நீளம் 9½, முன் நீளம் 10, இடுப்பிலிருந்து தரை வரை சப்பாத்தோடு 26½.

மேல்பகுதி: மார்பு 22, தளர்வு 2, மொத்தம் 24. இதில் முன்பகுதிக்குப் பாதி 12. இரண்டு பக்கமும் தையலுக்கு 1 அங்குலம் வீதம் விட்டால் 14. பின்பகுதி இரண்டு துண்டு. ஒவ்வொன்றும் 6, பக்கத்துக்கு 1, சிப் வைக்கும் நடு ஓரத்துக்கு 1, மொத்தம் 8. மூன்று துண்டும் சேர்ந்து 30 அங்குல அகலம். முன் நீளம் 10, மேலே ½, இடுப்புத் தையலுக்கு 1, ஆக 11½. வெட்டுவதற்கு 12 என்று வைப்போம்.

பாவாடை: 26½இல் 2 கழித்தால் 24½. கீழ் மடிப்புக்கு 3, இடுப்புத் தையலுக்கு ½ சேர்த்தால் 28. நல்ல சுருக்கு வர 45 அங்குல அகலத் துணியில் இரண்டு துண்டு வேண்டும். அதற்கு 56 அங்குலம்.

கை ஒன்று மேல்பகுதிக்குப் பக்கத்தில் மிஞ்சும் 15 அங்குலத்தில் அடங்கும். மற்றக் கைக்கும், இடுப்புப் பட்டிக்கும், கழுத்துப் பட்டிக்கும் 9 அங்குலம்.

மொத்தம் 12, 56, 9 சேர்ந்து 77 அங்குலம். ஒரு யார் 36 அங்குலம். 2¼ யார் என்றால் 81 அங்குலம். ஆகவே 45 அங்குல அகலத் துணியில் 2¼ யார் போதும். மீற்றரில் கேட்பதாக இருந்தால் 2 மீற்றரும் 6 சென்றிமீற்றரும். 36 அங்குல அகலத் துணி என்றால் கணக்கு மாறும். முதலில் அகலத்தைக் கேட்டுவிட்டு அளவைச் சொல்லுங்கள். கணக்கில்லாமல் "மூணு யார் வெட்டுங்க" என்று சொன்னால் முக்கால் யார் காசு வீணாகப் போகும். சாட்டின் துணி பின்னால் மாற்றியும் தரமாட்டார்கள்.

பருத்தித் துணி என்றால் வெட்டுவதற்கு முன் ஒரு முறை நனைத்துக் காய வைக்க வேண்டும். முதல் தண்ணீரில் அது சுருங்கும். தைத்த பிறகு சுருங்கினால் எடுத்த அளவெல்லாம் வீண். இதற்காகக் கொஞ்சம் கூட்டி வாங்குங்கள்.

வெட்டுவதற்கு முன் ஒரு சோதனை

புதுத் துணியில் கத்தரிக்கோல் வைப்பதற்கு முன் பழைய பேப்பரிலே மேல்பகுதியை வெட்டிப் பாருங்கள். அதைவிட நல்லது, பழைய வேட்டியிலோ கிழிந்த படுக்கை விரிப்பிலோ மேல்பகுதியை மட்டும் வெட்டி, பெரிய தையலாக ஓட்டி, பிள்ளைக்குப் போட்டுப் பார்ப்பது. போட்டதும் நான்கு விசயங்களைச் செய்யச் சொல்லுங்கள்.

கூடை பிடிப்பது போலக் கையை மடிக்கட்டும். கக்கத்தில் இழுக்கிறதா?

கையை மேலே தூக்கட்டும். இடுப்புக் கோடு அளவுக்கு மேல் ஏறுகிறதா?

நாற்காலியில் உட்காரட்டும். இடுப்பு இறுக்குகிறதா?

குனிந்து ஒரு பூவைப் பொறுக்கட்டும். கழுத்து முன்னால் விரிந்து தொங்குகிறதா?

இதில் எது பிழைத்தாலும் பழைய துணியிலேயே திருத்தலாம், செலவில்லை. பிள்ளையிடமும் கேளுங்கள். "எங்கேயாவது குத்துதா, கடிக்குதா?" நெட் துணியின் ஓரம் பிள்ளையின் தோலில் உராய்ந்தால் சிவந்துபோகும். உள்ளே பருத்தி லைனிங் வைத்து, நெட்டின் ஓரத்தை லைனிங்குக்குள் மூடித் தைக்கச் சொல்லுங்கள்.

தைக்கக் கொடுக்கும்போது

தோட்டத்திலே மெஷின் வைத்திருக்கும் அக்காவிடம் கொடுத்தாலும், டவுன் தையல் கடையில் கொடுத்தாலும், பிள்ளையை ஒரு முறையாவது கூட்டிக்கொண்டு போவது நல்லது. போக முடியாவிட்டால் அளவுத் தாளை அனுப்புங்கள். எழுதத் தெரியாத பாட்டிமார் கையாளும் நூல் முறையும் நல்ல முறைதான். ஒவ்வோர் அளவுக்கும் ஒரு நூலை வெட்டி, ஒவ்வொரு நிறத்தில் எடுத்து, மார்புக்குச் சிவப்பு, இடுப்புக்குப் பச்சை, பாவாடைக்கு வெள்ளை என்று சொல்லி அனுப்பலாம். இழுபடாத பருத்தி நூலாக இருக்க வேண்டும். கூடவே பிள்ளைக்கு இப்போது நன்றாகப் பொருந்துகிற ஒரு பழைய சட்டையையும் அனுப்புங்கள்.

"இது உடம்பு அளவுங்க அக்கா, தளர்வு இன்னும் சேர்க்கல்ல" என்று சொல்ல மறக்காதீர்கள். நாம் ஒரு முறை சேர்த்து, தைப்பவர் இன்னொரு முறை சேர்த்தால் சட்டை சாக்காகிவிடும்.

இன்னொரு விசயம். அளவெடுக்கும் இடத்தில் தாயோ பாட்டியோ பக்கத்தில் நிற்க வேண்டும். பிள்ளையைத் தனியே உள்ளே அனுப்பக் கூடாது. கடையில் ஆட்கள் வந்து போகும் இடத்தில் உள்ளுடுப்போடு நிறுத்தவும் கூடாது. ஆண் தையல்காரர் என்றால் டேப்பை நீங்களே பிடித்து எண்ணைச் சொல்லலாம். நல்ல தையல்காரர் அதைத் தப்பாக எடுக்கமாட்டார். ஒவ்வோர் அளவும் எடுப்பதற்கு முன், "இப்ப கைக்கு அளவு எடுக்கப் போறோம்" என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள். தன் உடம்பைத் தொடுவதற்கு முன் தன்னிடம் சொல்ல வேண்டும் என்பதைப் பிள்ளை இப்படித்தான் படித்துக்கொள்கிறாள்.

நெருப்பைக் கவனியுங்கள்

கலியாண வீட்டில் குத்துவிளக்கு உண்டு, கோயிலில் மெழுகுதிரி உண்டு. நெட், நைலோன், பொலியெஸ்டர் துணிகள் நெருப்புப் பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பாவாடை எவ்வளவு அகலமாக விரிகிறதோ அவ்வளவுக்கு ஆபத்து அதிகம், ஏனென்றால் ஓரம் எங்கே படுகிறது என்று பிள்ளைக்குத் தெரியாது. அளவுக்கு மிஞ்சிய விரிப்பும், நிலத்தில் இழுபடும் நீளமும் வேண்டாம். பிள்ளையின் கையில் எரியும் மெழுகுதிரியைக் கொடுக்கவும் வேண்டாம், பூக்கூடையே அழகு.

தப்பித் தவறி நெருப்புப் பிடித்தால் பிள்ளையை ஓட விடாமல், நிலத்தில் படுக்க வைத்து உருட்டி, தடித்த கம்பளியால் மூடி அணைக்க வேண்டும். பட்ட இடத்தில் 20 நிமிசம் குளிர்ந்த பைப் தண்ணீரை ஓடவிடுங்கள். ஒட்டிய துணியைப் பிடுங்கக் கூடாது. பற்பசை, நெய் ஒன்றும் பூசாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

கலியாணம் முடிந்த பிறகு

ஒரே நாள் உடுத்தி அலுமாரியில் வைப்பதற்கு நமக்குக் கட்டுப்படியாகாது. உள்ளே விட்ட துணி இப்போதுதான் உதவும். 3 அங்குலக் கீழ் மடிப்பில் 1 அங்குலத்தை மடிப்புக்கு வைத்துவிட்டு 2 அங்குலத்தை இறக்கலாம். அது ஏறத்தாழ ஒரு வருச வளர்ச்சி. பக்கத் தையல் இரண்டிலும் முன்னுக்கும் பின்னுக்குமாக நான்கு ஓரம் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் அரை அங்குலம் விட்டால் சுற்றளவு 2 அங்குலம் கூடும். அதற்கு மேலும் பிள்ளை வளர்ந்தால் பாவாடையை முழங்காலுக்குக் கீழே வரும்படி வெட்டித் தீபாவளிக்கோ நத்தாருக்கோ போடலாம். புதுநன்மை எடுக்கும் பிள்ளைக்கோ தங்கச்சிக்கோ மாற்றித் தைக்கலாம். யாருக்கு மாற்றினாலும் அந்தப் பிள்ளையையும் நிறுத்தி அளக்க வேண்டும்.

அளவுத் தாளை எறிய வேண்டாம்

சட்டை தைத்து முடிந்ததும் அளவெழுதிய தாளை எறிந்துவிடுகிறோம். அதில் திகதியைப் போட்டுப் பிள்ளையின் வளர்ச்சி அட்டையோடு வையுங்கள். அடுத்த வருசம் அதே மாதத்தில் உயரத்தை மறுபடி அளவுங்கள். 5, 6 சென்றிமீற்றர் கூடியிருந்தால் சந்தோசம். ஒரு வருசத்தில் 4 சென்றிமீற்றர்கூட வளரவில்லை என்றால், "போன வருசச் சட்டை இந்த வருசமும் சரியா இருக்கு, காசு மிச்சம்" என்று இருந்துவிடாதீர்கள். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மிட்வைஃப் அம்மாவிடமோ வைத்தியரிடமோ காட்டுங்கள். சாப்பாடா, பூச்சித் தொல்லையா, வேறு நோயா என்று அவர்கள் பார்ப்பார்கள். நேரத்தோடு பார்த்தால் பலதையும் சரிப்படுத்தலாம்.

சட்டைக்காக எடுத்த அளவு பிள்ளையின் சுகத்துக்கும் இப்படி உதவும். அடுத்த கலியாணச் செய்தி வந்ததும் கடைக்கு ஓடாமல், முதலில் பிள்ளையைக் கூப்பிட்டு நிறுத்துங்கள், டேப்பை எடுங்கள், எழுதுங்கள். பிறகு துணி வாங்கப் போகலாம். இந்தப் பக்கத்தைக் கிழித்து எடுத்து மெஷின் வைத்திருக்கும் அக்காவுக்கும் காட்டுங்கள்.